ஒரு பிட்டும் காலியில்லை

"கையை எடுங்க சிஸ்டர். எல்லாரும் எடுக்கணும். கீபோர்டு மேல ஒரு விரல்கூட இருக்கக் கூடாது."

தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி வுயோகாசி திரையைப் பார்த்தாள். வைன்பெர்கில் மின்சாரம் போகப் போகிறது. போனதும் மருத்துவமனையின் கணினி பெல்வில்லுக்கு நகரத் தொடங்கும். அதை நிறுத்தும் அதிகாரம் அவளுக்கு இல்லை. தொலைபேசிதான் இருந்தது.

மறுமுனையில் குழந்தைகள் வார்டின் தலைமைச் செவிலியர் அடோனிஸ் மூச்சு விட்டது கேட்டது.

"இங்க ஒண்ணு மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கிடக்கு. பக்கத்துக் கட்டில்ல ஒண்ணு வாந்தி எடுக்குது. நான் உன் கம்ப்யூட்டருக்கு மரியாதை பண்ணிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அப்படித்தானே மகளே?"

"மருந்து குடுங்க சிஸ்டர். எழுதாதீங்க. நான் சொன்னதும் எழுதுங்க."

"எழுதாத மருந்து குடுக்காத மருந்துன்னு உன் அக்காவுக்குச் சொன்னாங்களே."

விளக்குகள் அணைந்தன. கட்டடத்தின் அடியில் டீசல் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு வைன்பெர்கிலிருந்து பெல்வில்லுக்கு ஊர்ந்தது. அது போய்ச் சேரும்வரை, கேப் டவுனின் மறுகோடியில், ஒரு வார்டு முழுவதும் யாரோ துப்பாக்கி காட்டியதுபோலக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"முடிஞ்சது. எழுதுங்க."

வுயோகாசி வேலை பார்த்த நிறுவனத்துக்கு மற்றவர்களின் கணினிகளை வைத்து ஓட்டிக் கொடுப்பது தொழில். அதற்கு இரண்டு கட்டடங்கள். ஒன்று வைன்பெர்கில், ஒன்று பெல்வில்லில். நகராட்சி மின்சாரத்தைப் பகுதி பகுதியாக முறைவைத்து நிறுத்தும். இரண்டு இடமும் ஒரே நேரத்தில் இருளாது. அதனால் எங்கே இருள்கிறதோ அங்கிருந்து வாடிக்கையாளர்களின் கணினிகளை வெளிச்சமான பக்கத்துக்கு நகர்த்திவிடுவார்கள். டீசல் மிச்சம். நகரும்போது வாடிக்கையாளருக்கு எதுவுமே தெரியாது என்று விளம்பரம் சொன்னது. விளம்பரம் பொய் சொல்லவில்லை. லுக்கானியோ என்ற ஆறு வயதுப் பையனுக்கும் எதுவும் தெரியவில்லை.

மருத்துவமனையின் கணினி என்று சொன்னேனே, அது தூக்கிக்கொண்டு போகும் பெட்டி அல்ல. ஒரு பெரிய இயந்திரத்துக்குள் இன்னும் பல கணினிகளோடு நெருக்கியடித்துக் குடியிருக்கும் மாயக் கணினி. அத்தனை குடித்தனத்துக்கும் வீட்டுக்காரர் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். அது நினைவகத்தைப் பக்கம் பக்கமாக நறுக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அட்டவணையில் ஒரு வரி வைத்திருக்கிறது. ஒரு வரியில் அறுபத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் டிக் இருக்கும், அல்லது இருக்காது. அந்தக் கட்டத்துக்குத்தான் பிட் என்று பெயர். பெரும்பாலானவை சில்லுக்கு, அதாவது இயந்திரத்தின் சிப்புக்கு, சொந்தம். மீந்த சிலதை மென்பொருள் எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

சில்லின் கட்டங்களில் ஒன்றுக்கு 'அழுக்கு' என்று பெயர். பக்கத்தில் யாராவது எதையாவது எழுதினால் சில்லு அதில் டிக் அடிக்கும். அந்த ஒற்றை டிக்கை இரண்டு பேர் நம்பியிருந்தார்கள். ஒன்று, உள்ளூரில் காப்புப் பிரதி எடுக்கும் நிரல். டிக்கைப் பார்க்கும், பிரதி எடுக்கும், வேலை முடிந்ததென்று டிக்கை அழித்துவிட்டுப் போகும். இரண்டாவது, நகர்த்தும் நிரல். பின்னால் வரும். டிக் இல்லையே, நகரத் தொடங்கியபிறகு இந்தப் பக்கத்தில் யாரும் எழுதவில்லை என்று பழைய பக்கத்தோடு கிளம்பிவிடும். எழுதியது வைன்பெர்கில் தங்கும். கணினி பெல்வில்லுக்குப் போய்விடும். திரும்பி வரும்போது பழையது புதியதன்மேல் உட்கார்ந்து தடயத்தையும் அழித்துவிடும்.

மே மாதம் வுயோகாசியின் அக்கா நோம்புலெலோ அந்த வார்டில் பணியில் இருந்தாள். பாரஃபின் அடுப்பு கவிழ்ந்து நெஞ்செல்லாம் வெந்துபோன லுக்கானியோவுக்கு மார்ஃபின் கொடுத்தாள். கொடுத்ததை எழுதினாள். அதற்குச் சற்று முன்தான் மின்சாரம் போயிருந்தது. அவள் எழுதும்போதே கணினி நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த முறைக்கு வந்த செவிலியர் திரையைப் பார்த்தாள், மருந்துக் கட்டம் வெறுமையாக இருந்தது, பையன் அனத்திக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை கொடுத்தாள். அவன் தூங்கினான். எழுந்திருக்கவில்லை.

எழுதினேன் என்றாள் நோம்புலெலோ. இல்லை என்றது கணினி. விசாரணையில் கணினியை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வரும் வியாழக்கிழமை செவிலியர் மன்றத்தில் இறுதி விசாரணை. தங்கையின் வாய்ச்சொல் செல்லாது, நிறுவனத்தின் கடிதம் வேண்டும் என்று மன்றம் சொல்லிவிட்டது. எங்கள் கணினி மறந்திருக்கலாம் என்று ஒரு வரி. அது வந்தால் அக்காவின் உரிமம் தப்பும். வராவிட்டால் ஒரு குழந்தையைக் கொன்றவள் என்ற பெயரோடு அவள் சாகும்வரை வாழ வேண்டும்.

சோதனைப் பிரிவில் இருந்த ரீடவான் சாலி பழைய இயந்திரம் ஒன்றை ஏற்பாடு செய்து அந்த மறதியை நடத்திக் காட்டினான். மதியச் சாப்பாட்டுக்குள் அது பலமுறை மறந்தது. "என் மாமனார்கூட இவ்வளவு சுத்தமா மறக்க மாட்டார்" என்றான்.

தீர்வும் எளிது. நகர்த்தும் நிரலுக்குத் தனக்கென்று ஒரு கட்டம் வேண்டும். காப்புக்காரன் அழுக்கு டிக்கை அழிக்கும்போது, பின்னால் வருகிறவனுக்காக அந்தத் தனிக் கட்டத்தில் ஒரு டிக் வைத்துவிட்டுப் போனால் போதும். வுயோகாசி எழுதிய திருத்தம் ஒரு திரைக்குள் அடங்கியது. அனுப்பினாள். உடனே திரும்பி வந்தது. ஒதுக்கப்படாத கட்டத்தைத் தொடும் எந்த நிரலையும் நிறுவனத்தின் வாசல் உள்ளே விடாது. ஒதுக்க வேண்டியது பிட் ஒதுக்கீட்டு வாரியம்.

வாரியம் மூன்றாம் மாடியில் கூடியது. நீண்ட மேசை. கட்டங்களின் வரிசைப்படி நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் பித்தளையில் பிட்டின் எண். ரூய்போஸ் தேநீரும், பாகு சொட்டும் கூக்சிஸ்டர் என்ற பின்னல் பலகாரமும் சுற்றி வந்தன. தொலைபேசிகளை வாசலில் ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாரியத்தின் கவனம் சிதறக் கூடாது. பிறகு வருகைப் பதிவு. ஒன்பதாவது பிட்? இருக்கிறேன். பத்தாவது பிட்? இருக்கிறேன். ஒரு பிட்டுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அதன் உதவியாளர் பதில் சொன்னார்.

தலைவர் டாக்டர் டெர்பிளான்ஷ் வுயோகாசியைப் பரிவோடு பார்த்தார். அவர் குரல் எப்போதும் இரங்கல் கூட்டத்தில் பேசுவதுபோல இருக்கும்.

"மிஸ் ம்பங்கேனி, இந்த நாட்டுல தங்கம் வேணும்னா இன்னும் ஆழமாத் தோண்டலாம். பிட்டைத் தோண்ட முடியாது. அறுபத்து நாலுக்கு மேல கடவுளே குடுக்க மாட்டார். அதனாலதான் நாங்க இங்க உட்கார்ந்திருக்கோம்."

வுயோகாசி பிழையை விளக்கினாள். ரீடவானின் சோதனையைக் காட்டினாள். லுக்கானியோவைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் கூக்சிஸ்டரைப் பாதியில் வைத்தார். டெர்பிளான்ஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"உங்க வருத்தம் புரியுது. ஆனா பிழைங்கிற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் பேசணும். தீர்வு இருக்கிறதைத்தான் நாங்க பிழைன்னு பதிவு பண்ணுவோம். தீர்வு இல்லாதது பிழை ஆகாது, அது இயல்பு. உங்க தீர்வுக்கு ஒரு பிட் வேணும். பிட் எதுவும் காலியில்லை. அப்போ தீர்வு இல்லை. அப்போ பிழையும் இல்லை. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். பலர் தலையசைத்தார்கள்.

வுயோகாசி வீட்டுக்குப் போகவில்லை. பிட் வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும்.

ஒன்பதாவது பிட் நிறுவனரின் நினைவு பிட். அவர் தன் கையால் எழுதிய முதல் நிரல் அந்தக் கட்டத்தைப் பயன்படுத்தியது. நிரலை நீக்கிப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் அவருடைய பிறந்தநாள் அன்று எல்லா இயந்திரங்களிலும், எல்லாப் பக்கங்களிலும் அந்தக் கட்டத்தில் ஒரு நிமிஷம் டிக் வைத்து, எழுந்து நின்று, பிறகு எடுத்துவிடுவார்கள். அவர் மனைவி வருவார். அந்த அம்மாவை ஏமாற்றச் சொல்கிறாயா என்று நினைவுக் குழுவினர் கேட்டார்கள்.

பத்தாவது பிட் விற்பனைப் பிரிவுடையது. மதிப்புமிக்க வாடிக்கையாளரின் பக்கங்களுக்கு டிக். மருத்துவமனை அரசாங்கத்துடையது, அதில் இல்லை. பாதுகாப்புப் பிரிவுக்காரர் தன் பிட் எதற்கு என்று சொல்ல முடியாது என்றார். பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டதற்கும் சொல்ல முடியாது என்றார். உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டாள். அதையும் சொல்ல முடியாது என்றார். பணியாளர் பிரிவின் பிட், நன்னடத்தைப் பயிற்சி முடித்த ஊழியர் தொட்ட பக்கங்களுக்கு. வுயோகாசி அந்தப் பயிற்சியை இன்னும் முடிக்கவில்லை என்பது அப்போதுதான் வெளிவந்தது. முடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். முடித்தாள். நல்ல மதிப்பெண்.

சூழல் பிரிவின் ஃபான் ஸெய்ல் அம்மையார் மட்டும் உட்காரச் சொன்னார். சுத்தமான மின்சாரத்தில் எழுதப்பட்ட பக்கத்துக்கு டிக், டீசலில் எழுதப்பட்டதற்கு வெறுமை. ஆண்டறிக்கையின் அட்டைப்படமே அந்தக் கணக்குதான். விட்டுக்கொடுக்க முடியாது, ஆனால் மனசு கேட்கவில்லை, பகிர்ந்துகொள்ள வழி இருந்தால் பார்க்கலாம் என்றார்.

அடுத்த கூட்டத்தில் ரீடவானும் இருந்தான். பகிர்வதைப் பற்றி வாரியம் பேசிப் பேசித் தேநீர் மூன்றாம் முறை வந்தபோது அவனுக்குப் பொறுமை போயிற்று.

"ஏன் இவ்வளவு கஷ்டம்? நகராட்சி கரண்டை நிறுத்துற மாதிரி பிட்டையும் முறைவெச்சு நிறுத்துங்களேன்."

யாரும் சிரிக்கவில்லை. டெர்பிளான்ஷ் பேனாவை எடுத்தார். இப்படிப்பட்ட சிந்தனைதான் இந்த நாட்டைக் காப்பாற்றும் என்றார். பிட் முறைநிறுத்தத் திட்டம் அங்கேயே நிறைவேறியது. ரீடவான் அதன் அமைப்பாளர். வெளியே வந்து அவன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான்.

அட்டவணை வண்ணத்தில் வந்தது. எல்லா மாடியிலும் ஒட்டினார்கள். தொலைபேசியில் பார்க்க ஒரு செயலியும் உண்டு. சூழல் பிட் இன்ன நேரம் சூழல் பிரிவுக்கு, இன்ன நேரம் நகர்த்தும் பிரிவுக்கு. வுயோகாசி அதை நகராட்சியின் மின்வெட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மின்வெட்டு நேரத்தில்தான் டீசல் ஓடும்; டீசலைக் கணக்கெடுக்கச் சூழல் பிரிவுக்கு அப்போதுதான் பிட் வேண்டும். அதனால் மின்வெட்டு நேரமெல்லாம் அவர்களுக்குப் போயிருந்தது. இரண்டு கட்டடத்திலும் விளக்கு எரியும் நேரம் முழுவதும் வுயோகாசிக்கு. விளக்கு எரியும்போது எந்தக் கணினியும் நகராது.

டெர்பிளான்ஷிடம் போய்ச் சொன்னாள். நாளின் பெரும்பகுதி அவளுக்குத்தானே கிடைத்திருக்கிறது, அதற்கு மேலும் கேட்பது பேராசை இல்லையா என்று அவர் வருத்தத்தோடு கேட்டார்.

அத்தோடு போகவில்லை. முறை மாறும்போது அவள் வைத்த டிக்குகள் அழிக்கப்படாமல் கிடந்தன. சூழல் பிரிவின் கணக்கு அவற்றைச் சுத்தமான மின்சாரம் என்று எண்ணியது. குழந்தைகள் வார்டு ஓயாமல் எழுதுகிற வார்டு. ஆகவே தென்னாப்பிரிக்காவிலேயே பசுமையான வாடிக்கையாளர் என்று அதற்குச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று போயிற்று. கழிப்பறையில் மாட்டியிருப்பதாகச் சிஸ்டர் அடோனிஸ் சொன்னார். அங்கேதான் ஆணி இருந்ததாம்.

விசாரணைக்கு முந்தின கூட்டத்தில் வுயோகாசி கடிதத்தை மட்டும் கேட்டாள். பிட் வேண்டாம், ஒரு வரி எழுதிக் கொடுங்கள். டெர்பிளான்ஷ் எழுதுவதாக ஒப்புக்கொண்டார். அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது அறை இருண்டது. நகராட்சி முன்னறிவிப்பில்லாமல் மின்வெட்டை ஒரு படி உயர்த்தியிருந்தது.

தொலைபேசி கூடையில் இருந்தது. கூடை வாசலில். வாசலைக் காக்கிறவர், கூட்டம் முடியாமல் தர விதியில்லை என்றார். அவரோடு இருட்டில் மல்லுக்கட்டித் தன் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு வார்டை அழைத்தபோது பச்சைக் கோடு பெல்வில் போய்ச் சேர்ந்திருந்தது.

"ரத்தம் ஏத்திக்கிட்டிருந்தோம்" என்றார் அடோனிஸ். குரலில் கோபம்கூட இல்லை. "எந்த வகைன்னு எழுதினது போயிடுச்சு. இப்போ அந்தக் கட்டத்துல போன வாரம் அதே கட்டில்ல கிடந்த பிள்ளையோட வகை நிக்குது."

"அப்போ எந்த வகைன்னு எப்படித் தெரியும் சிஸ்டர்?" என்றாள் வுயோகாசி.

"பயப்படாதே. என் கையில எழுதி வெச்சிருக்கேன். பேனாவால. இப்போ நாங்க எல்லாருமே கையிலதான் எழுதுறோம்."

வார்டின் எல்லாச் செவிலியர் கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மருந்தும் அளவும் நீல மையில் இருந்தன. குளிப்பதற்கு முன்னால் ஒருவர் படிக்க இன்னொருவர் கணினியில் ஏற்றினார்கள். மறுநாள் மருத்துவமனை நிர்வாகம் சுகாதாரக் குறைவென்று சுற்றறிக்கை அனுப்பியது. கை கழுவச் சொல்லி.

வியாழக்கிழமை மன்றத்தில் நிறுவனத்தின் கடிதம் படிக்கப்பட்டது. டெர்பிளான்ஷ் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வரிதான். எமது பதிவில் இத்தகைய பிழை எதுவும் இல்லை. அதில் பொய் இல்லை. பதிவு செய்யப்படவே இல்லையே. நோம்புலெலோவின் பெயரைச் செவிலியர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மேல்முறையீடு செய்யலாம், புதிய சான்று இருந்தால் என்று நல்லபடியாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே காற்று தூக்கியது. டாக்ஸி நிற்கும் இடத்தில் இருவரும் நின்றார்கள். மே மாதம் மகனைப் பறிகொடுத்த லுக்கானியோவின் அம்மா எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தாள். நோம்புலெலோவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"சிசி, நீ எழுதினே. எனக்குத் தெரியும்" என்றாள் வுயோகாசி அக்காவிடம்.

"இத்தனை பேரு இல்லைங்கிறாங்க" என்றாள் அக்கா. "நான் எழுதினேனான்னு எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு, வுயோ."

வுயோகாசி அலுவலகத்துக்குத் திரும்பி வந்தாள். சான்று வேண்டும். வைன்பெர்க் இயந்திரங்களின் பக்க அட்டவணைகளைத் திறந்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ரீடவான் பக்கத்தில் உட்கார்ந்து பாதியைப் பங்கு போட்டுக்கொண்டான். ஊர்முழுக்கக் கணினிகள் வைன்பெர்குக்கும் பெல்வில்லுக்கும் அலைந்துகொண்டிருக்க, ஒரே ஒரு கணினி இடத்தைவிட்டு அசையாமல் இருப்பதை அவன்தான் பார்த்தான். அதன் எல்லாப் பக்கங்களிலும், விடாமல், அறுபத்திரண்டாவது கட்டத்தில் ஒரு டிக்.

அறுபத்திரண்டுக்கு மேசையில் பித்தளை எண் கிடையாது. வருகைப் பதிவில் அதைக் கூப்பிட்டதும் கிடையாது. நகர்த்தும் நிரலில் ஒரு மூலை வாரியத்தின் பூட்டுக்குள் இருந்தது. அந்த நிரலைப் பராமரிக்கிற வுயோகாசிக்கே அதைத் திறந்து பார்க்க அனுமதியில்லை.

"யாரு வீட்டுப் பிள்ளை இது?" என்றான் ரீடவான்.

வெள்ளிக்கிழமை வாரியம் கூடியபோது அவள் அதைத்தான் கேட்டாள். அறுபத்திரண்டாவது பிட் யாருடையது? காலியாக இருந்தால் எனக்குக் கொடுங்கள்.

மேசையைச் சுற்றி ஒரு சின்னச் சலசலப்பு. பிட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. டெர்பிளான்ஷ் மட்டும் புன்னகைத்தார். நன்றாகப் படிக்கும் மாணவியைப் பார்க்கும் புன்னகை.

"கெட்டிக்காரப் பொண்ணு. அது காலியில்லை, மிஸ் ம்பங்கேனி. அது வாரியத்தோட சொந்த பிட். நம்ம கூட்டக் குறிப்புகள் இருக்கிற கணினிக்கு. அந்த டிக் இருந்தா நகர்த்துறவன் அதைத் தொட மாட்டான். கரண்ட் போனாலும் அது இங்கேயே டீசல்ல ஓடும்."

ஏன் என்று கேட்டாள்.

"ஒரு தடவை நகர்ந்தப்போ எங்க தீர்மானம் ஒண்ணு காணாமப் போச்சு. தேநீரோட என்ன பரிமாறுறதுங்கிற தீர்மானம். நீண்ட விவாதம், அத்தனையும் போச்சு. விட்டுட முடியுமா? ஆராய்ந்தோம். காப்பு எடுக்கிறவன் டிக்கை அழிக்கிறான், நகர்த்துறவன் ஏமாந்து போறான். நீங்க சொன்ன அதே விஷயம்தான். உங்களுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சோம்." அவர் மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வாரியம் மெதுவா வேலை செய்யுதுன்னு வெளியில பேசறாங்க. அன்னிக்கு மதியமே பிட் ஒதுக்கி முடிச்சோம். ஒரே மதியம்."

"அந்த டிக்கை ஒரு கணினிக்குத்தான் வைக்க முடியுமா, டாக்டர்?"

"அப்படியெல்லாம் இல்லை. எத்தனை கணினிக்கு வேணும்னாலும் வைக்கலாம். வெச்சா பிட் தேஞ்சா போயிடும்? யாரும் கேட்கலை, அவ்வளவுதான்."

மேசைக் கோடியில் குறிப்பெடுக்கிற பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வுயோகாசி அவள் கை நிற்கும்வரை காத்திருந்தாள்.

"அது எப்போ நடந்தது?"

"பிப்ரவரியில" என்றார் டெர்பிளான்ஷ். "குறிப்புல பாருங்க. அப்படியே இருக்கும்."